பழைய டிராக்டருக்குப் புதிய உறுப்பு எங்கே?

அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஓர் இயந்திரம். அதன் வார்ப்பிரும்பு உடலில் ஒரு கீறல் இல்லை. பற்சக்கரங்களும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளே ஒரு பேரிங் தேய்ந்துபோய்க் கரகரவென்று ஓசையிடுகிறது. கடையில் அந்த உறுப்பின் எண்ணைச் சொன்னால், "அது இப்போது வருவதில்லை" என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உறுப்புக்காகச் சுமார் 300 கிலோ எடையுள்ள இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா?

அமெரிக்காவில் பல வீட்டுக் கொட்டகைகளில் எழும் கேள்வி இது. அங்கே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, புல்வெளியும் காய்கறித் தோட்டமும் சூழ்ந்த வீடுகள் நகரங்களைச் சுற்றிப் பெருகின. அவற்றுக்காகப் பிறந்தது தோட்ட டிராக்டர். வயல் டிராக்டரின் தம்பி என்று இதைச் சொல்லலாம். புல் வெட்டும், சிறு கலப்பையை இழுக்கும், குளிர்காலத்தில் பாதையில் விழுந்த பனியையும் அகற்றும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் 'கப் கேடட்' என்ற டிராக்டரை வெளியிட்டது. ஜான் டீர் நிறுவனத்தின் '110' 1963-இல் வந்தது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் 'வீல் ஹார்ஸ்' டிராக்டர்கள் செய்யப்பட்டன.

பின்னர் நிறுவனங்கள் கை மாறின. வீல் ஹார்ஸ் 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வசமும், 1986-இல் டோரோ வசமும் சென்றது. கப் கேடட் 1981-இல் எம்.டி.டி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயரை வாங்கியவர், பழைய உறுப்புகள் அனைத்தையும் என்றென்றும் செய்துகொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அந்த டிராக்டர்கள் பல இன்றும் ஓடுகின்றன. எப்படி? நம் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர் கையில் எடுக்கும் வெர்னியர் அளவிதான் இதற்குப் பெரிதும் உதவுகிறது.

உறுப்புக்கு இரண்டு பெயர்கள்

ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, டிராக்டர் நிறுவனம் தன் பட்டியலில் அதற்கு இட்ட எண். மற்றொன்று, அதன் அளவும் அது செய்யப்பட்ட பொருளும். நிறுவனம் மறைந்தால் முதல் பெயர் மறைந்துபோகலாம். இரண்டாவது பெயர் உறுப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

டிராக்டர் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் தானே செய்வதில்லை. பேரிங்கை ஒருவரிடமும், பெல்ட்டை இன்னொருவரிடமும் வாங்கித்தான் பொருத்துகிறது. எஞ்சினும் பெரும்பாலும் அப்படியே. மேலே சொன்ன மூன்று பெயர்களிலும் வந்த பல டிராக்டர்களின் எஞ்சின், விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் நிறுவனம் செய்தது. வெளியே மஞ்சள், பச்சை, சிவப்பு எனப் பெயிண்ட் வேறு. உள்ளே துடிக்கும் இதயம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது! ஆகவே பிஸ்டனோ கேஸ்கெட்டோ தேடுபவர், டிராக்டரின் பெயரைவிட எஞ்சின் மீதுள்ள தகட்டின் எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

பேரிங்கின் கதை இன்னும் சுவையானது. அதன் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் 6204 என்பது போல ஓர் எண் தெரியும். இது உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீடு. கடைசி இரண்டு இலக்கங்களை 5-ஆல் பெருக்குங்கள். 04 × 5 = 20. உள்துளையின் விட்டம் 20 மி.மீ. என்று பொருள். 04 முதல் மேலே இந்த விதி செல்லும். அதற்குக் கீழே 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. துளைகளைக் குறிக்கும். முன்னாலுள்ள 62 என்பது பேரிங்கின் வகையையும் பருமனையும் சொல்லும். 6203-இன் வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. அதுவே 6303 என்றால், துளை அதே 17 மி.மீ. தான், ஆனால் வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. ஆகிவிடும்.

எண் அழிந்துபோயிருந்தால்? உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றையும் வெர்னியர் அளவியால் அளந்தால் போதும். எண் திரும்பக் கிடைத்துவிடும். பழைய அமெரிக்க இயந்திரங்களில் அங்குல அளவிலான பேரிங்குகளும் உண்டு. அதனால் உத்தேசமாக அன்றி, நுட்பமாகவே அளக்க வேண்டும். ஆயில் சீலுக்கும் இதே முறைதான்: தண்டின் விட்டம், அது உட்காரும் துளையின் விட்டம், அகலம்.

ஒன்றைப்போல் மற்றொன்று

ஓர் உறுப்பை எடுத்துவிட்டு அதே அளவுள்ள இன்னொன்றை வைத்தால் பொருந்தும் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. 1908-இல் அது ஒரு வித்தை போலிருந்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகப் பிரித்து, உறுப்புகளை ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றில் 89 உறுப்புகளை விலக்கிவிட்டு, கடை இருப்பிலிருந்து புதியவற்றைச் சேர்த்தார்கள். பிறகு ஸ்பானர், திருப்புளி போன்ற எளிய கருவிகளால் மூன்று கார்களையும் மீண்டும் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின! பழைய டிராக்டரைக் காப்பாற்ற முயல்பவர் நம்பியிருப்பது இந்த ஒற்றுமையைத்தான்.

மரை செய்யும் மாயம்

ஆனால் 'ஏறக்குறைய அதே அளவு' என்பது ஆபத்தானது. போல்ட்டின் மரையைப் பாருங்கள். பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் ஒரு மரை அளவைப் பரிந்துரைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் வேறொன்றைச் சொன்னார். முன்னதன் மரைக்கோணம் 55 பாகை. பின்னதன் கோணம் 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற இந்த நாடுகள், ஒன்றின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாமல் தொல்லைப்பட்டன. கனடாவும் சேர்ந்து மூன்று நாடுகளும் 1948-இல்தான் பொது மரை அளவுக்கு இசைந்தன. உலகின் பெரும்பகுதியோ மெட்ரிக் மரையைப் பின்பற்றுகிறது.

பழைய அமெரிக்க டிராக்டரில் 5/16 அங்குல போல்ட் ஒன்று தொலைந்துவிட்டதாகக் கொள்வோம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் அதன் விட்டம் 7.94 மி.மீ. கையில் இருப்பதோ 8 மி.மீ. போல்ட். வேறுபாடு 0.06 மி.மீ. தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முதல் போல்ட்டின் சாதாரண மரை அங்குலத்துக்கு 18. அதாவது ஒரு சுற்றுக்கு 1.41 மி.மீ. முன்னேறும். மெட்ரிக் போல்ட் 1.25 மி.மீ. முன்னேறும். நான்கு சுற்றுகளில் பிழை 0.64 மி.மீ. ஆகிவிடும்; ஒரு மரையில் ஏறக்குறைய பாதி! போல்ட் இரண்டொரு சுற்று ஏறிப் பிறகு இறுகும். நல்ல பிடிப்பு என்று எண்ணி மேலும் முறுக்கினால், வார்ப்பிரும்பிலுள்ள மரை சிதைந்துபோகும். இருபது காசு மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சின் உடலையே கெடுத்தவர்கள் உண்டு.

அளவு மட்டும் போதுமா?

போதாது. அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

பனியை வாரி எறியும் சாதனத்தின் சுழல் அலகில் 'ஷியர் பின்' என்ற ஆணி ஒன்று இருக்கும். அலகில் கல் சிக்கிக்கொண்டால் முறுக்கு விசை திடீரென்று உயரும். அப்போது இந்த ஆணி குறுக்கே அறுந்து, அலகை எஞ்சினிலிருந்து பிரித்துவிடும். அறுந்துபோவதுதான் அதன் கடமை. வீட்டு மின்சுற்றில் ஃப்யூஸ் கம்பி செய்யும் வேலை இது.

இதை அறியாதவர், "இந்த ஆணி அடிக்கடி உடைகிறதே" என்று, அதே விட்டமுள்ள கடினமான போல்ட்டை மாட்டிவிடுவார். அமெரிக்க போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள் இருந்தால் அது எட்டாம் தரம். மூன்று கோடுகள் ஐந்தாம் தரம். சாதாரண இரண்டாம் தரத்தில் கோடு இராது. எட்டாம் தரத்தின் இழுவலிமை இரண்டாம் தரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அடுத்த கல் சிக்கும்போது ஆணி உடையாது. பற்சக்கரப் பெட்டி உடையும்! இங்கே 'வலிமையான' உறுப்பே தவறான உறுப்பு ஆகிறது. கையேடு சொல்லும் ஆணியைத்தான் போட வேண்டும்.

பெல்ட்டும் இப்படித்தான். 4எல்400 என்ற குறியீடு, அரை அங்குல அகலத்தையும் 40 அங்குல வெளிச் சுற்றளவையும் காட்டும். இதே அளவில் மலிவான பெல்ட் கிடைக்கும். ஆனால் சில டிராக்டர்களில் பெல்ட்டே கிளட்சாகவும் வேலை செய்கிறது. தளர்ந்தபோது வழுக்க வேண்டும். இறுகியபோது பற்ற வேண்டும். இதற்கு வலுவான இழையும் தகுந்த துணி உறையும் கொண்ட பெல்ட் தேவை. சாதாரண பெல்ட் விரைவில் சூடேறி நீண்டுவிடும்.

தேய்ந்த சிலிண்டர்

சில உறுப்புகளை மாற்ற இயலாது, சீர்செய்யலாம். எஞ்சின் சிலிண்டர் அத்தகையது. கோலர் கே-301 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 3.375 அங்குலம், அதாவது 85.7 மி.மீ. அது தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால், கடைசல் பட்டறையில் சற்றே பெரிதாகக் கடைந்து, 0.010, 0.020 அல்லது 0.030 அங்குலம் பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். தடித்த வார்ப்பிரும்புச் சுவர் இதற்கு இடம் தருகிறது.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை இயற்பியல் சொல்லும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கும், வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கும் விரிகின்றன. இரண்டும் 100 பாகை சூடேறினால், 85.7 மி.மீ. விட்டத்தில் பிஸ்டன் 0.20 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.09 மி.மீ. மட்டுமே பெருக்கும். உண்மையில் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகச் சூடாகும். எனவே இடைவெளி மேலும் குறையும். "இறுக்கமாக இருந்தால் நல்லது" என்று கடைந்தவரின் எஞ்சின், சூடேறியதும் பிடித்துக்கொள்ளும்.

எதுவும் கிடைக்காவிட்டால்

அப்போது ஓடாத இன்னொரு டிராக்டரைத் தேடுவார்கள். ஒன்றின் எஞ்சின் போயிருக்கும். மற்றொன்றின் அச்சு உடைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றைப் பிழைக்க வைக்கும். தண்டில் பள்ளம் விழுந்து புதிய ஆயில் சீலும் கசிந்தால், அதன்மேல் மெல்லிய எஃகு உறையைச் செருகுவார்கள். தேய்ந்த துளையைப் பெரிதாக்கிப் புதர் அடிப்பார்கள்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: உறுப்பை அளக்க முடிகிறது, அதன் வேலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. இன்றைய டிராக்டர்களில் பலவற்றைக் கணினி நிரல்கள் ஆள்கின்றன. நிரலுக்கு வெர்னியர் அளவி கிடையாது. சரியான உறுப்பை மாட்டிய பிறகும், நிறுவனத்தின் மென்பொருள் ஏற்றுக்கொண்டால்தான் வண்டி நகரும் என்ற நிலை வந்தபோது விவசாயிகள் எதிர்த்தனர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல், விவசாய இயந்திரங்களின் கையேடு, உறுப்பு, பழுதுபார்க்கும் மென்பொருள் ஆகியவற்றை உரிமையாளருக்கும் தனிப் பட்டறைகளுக்கும் அளிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அந்நாட்டில் இத்துறையில் இதுவே முதல் சட்டம். பழைய டிராக்டர்க்காரருக்கு இந்த உரிமையைத் தரச் சட்டம் தேவைப்படவில்லை. ஓர் அளவுகோலே போதுமானதாக இருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். அருகிலுள்ள மெக்கானிக் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எண்ணைப் பார்க்காமல் மூன்று அளவுகளையும் எடுங்கள். உள்துளையை 5-ஆல் வகுத்து, எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கண்டுபிடியுங்கள். பிறகு விளிம்பைத் துடைத்து ஒப்பிடுங்கள். விடை ஒத்துப்போனால், எந்த நாட்டு இயந்திரமானாலும் அதன் ஓர் உறுப்பைப் பெயர் சொல்லி அழைக்க நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.