மோட்டாரின் மூச்சுக் குழல்

உங்கள் வீடு சேலம் ஃபேர்லாண்ட்ஸில் இருக்கட்டும், நாமக்கல் பரமத்தி ரோட்டில்தான் இருக்கட்டும். வீட்டில் ஒரு காரும் இருபத்திரண்டு வயசில் ஒரு பிள்ளையும் இருந்துவிட்டால், என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பேச்சு வந்தே தீரும். "அம்மா, வண்டியிலே பிக்கப்பே இல்லை. இன்டேக் மேனிஃபோல்டை மாத்திட்டாப் பறக்கும்!" என்பான். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "உங்க அம்மாவைக் கேளுடா" என்று சொல்லிவிடுவார். நகைச் சீட்டுக்கு என்று எடுத்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், அது என்ன சமாசாரம் என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோமே!

பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. பெட்ரோல் தனியாக எரியாது, காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று என்றால் நம்புவீர்களா? எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் செகண்டுக்கு 50 தடவை மூச்சு இழுக்கிறது. அந்தக் காற்றை வடிகட்டியிலிருந்து வாங்கி, சிலிண்டர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் இன்டேக் மேனிஃபோல்ட். ஒரு பெட்டி, அதிலிருந்து விரல்களைப்போலப் பிரியும் மூன்று நான்கு குழாய்கள். அவ்வளவேதான்.

"குழாயைப் பெரிசாகப் போட்டால் காற்று நிறையப் போகுமே?" என்று கேட்கத் தோன்றும். பையனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும்: ஊதுகுழலின் வாய் அகலமாகிவிட்டால் காற்றின் வேகம் போய்விடும். நெருப்புப் பற்றாது. எஞ்சினிலும் அதே கதை. மெதுவாகச் சுற்றும்போது அகலக் குழாயில் காற்று சோம்பித்தான் போகும்.

குழாயின் நீளத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. சிலிண்டரின் வால்வு படக்கென்று மூடிக்கொள்ளும்போது, ஓடி வந்த காற்று அதில் மோதுகிறது. மோதியதில் கிளம்பும் அலை, சத்தத்தின் வேகத்தில் குழாய்க்குள் பின்னோக்கி ஓடிப் பெட்டியைத் தொட்டுத் திரும்பி வருகிறது. திரும்பும் நேரத்தில் வால்வு சரியாகத் திறந்தால், அந்த அலையே கொஞ்சம் அதிகக் காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும். நீளக் குழாயில் அலை திரும்ப நேரமாகும். ஆகவே அது நிதானமாகச் சுற்றும் எஞ்சினுக்குப் பொருந்தும். குட்டைக் குழாய் வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். குட்டையான திமிரியின் சுருதி உச்சத்தில் இருக்கும், நீளமான பாரியின் சுருதி தாழ்ந்திருக்கும். மேனிஃபோல்டுக்கும் அப்படி ஒரு சுருதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனிக்காரர்கள். 1960-ல் வந்த அவர்களுடைய 300எஃப் காரில், சுமார் 30 அங்குல நீளக் குழாய்கள் எஞ்சினின் மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போயின. சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது. பந்தயக்காரர்களுக்கு, வெளியிலிருந்து பார்த்தால் அதேபோலிருக்கும் இன்னொன்றைச் செய்தார்கள். உள்ளே நடுச்சுவரை வெட்டி, குழாயின் பயன் நீளத்தைப் பாதியாக்கியிருந்தார்கள்! பார்வைக்கு ஒன்று, குணத்துக்கு இரண்டு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது? சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால், டாப் கியரில் எஞ்சின் 3,000 சுற்றுக்குள்தான் சுற்றும். ஆடிப் பெருக்குக்கு அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கக் கொல்லிமலை ஏறுகிறீர்களா? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பின் ஸீட்டில் மாமியார், மடியில் குழந்தை, டிக்கியில் பலகாரத் தூக்கு. இரண்டாவது கியரில் மெள்ள மெள்ளத்தான் ஏறவேண்டும். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே வேண்டியது கீழ்ச் சுற்றில் இழுவை. கடையில் 'ரேஸிங்' என்று விற்கும் குட்டைக் குழாய் மேனிஃபோல்ட், 5,000, 6,000 சுற்றுக்கு மேலேதான் தன் சாமர்த்தியத்தைக் காட்டும். அதைப் பூட்டிக்கொண்டு மலை ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி முனகும்.

குட்டைக் குழாய்க்கும் இடம் உண்டு. கோயமுத்தூரில் எஸ். கரிவரதன் என்றொரு பந்தய வீரர் இருந்தார். சாதாரண மாருதி எஞ்சினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தய வண்டியை உருவாக்கி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் பந்தயத்தை எட்டும்படி செய்தவர். 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் அவர் பெயரால் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். அம்மாதிரி தளத்தில் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுவதே இல்லை. பையன் அங்கே போய் ஓட்டப்போகிறான் என்றால் வாங்கட்டும். அதற்கென்று தனி வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

கடையில் பளபளவென்று மின்னும் அலுமினியத்தைக் கண்டு மயங்கவேண்டாம். இப்போதைய கார்கள் பலவற்றில் கம்பெனியே போட்டிருப்பது கறுப்பு நைலான். லட்சணம் போதாதுதான். ஆனால் எஞ்சினின் சூட்டை அது அலுமினியத்தைப்போல வாங்கிக்கொள்வதில்லை. காற்று பத்து டிகிரி சூடேறினால் எடையில் சுமார் மூன்று சதவீதம் போச்சு. சேலத்துச் சித்திரை வெயிலில் இது சில்லறை விஷயமா? டர்போ வைத்த டீஸல் வண்டியென்றால் பேச்சே வேண்டாம். அங்கே காற்றைத் தள்ளுவது டர்போ, குழாயின் நீளத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. மேனிஃபோல்டை மட்டும் மாற்றிவிட்டுக் காற்று-பெட்ரோல் கணக்கைத் திருத்தாமல் விட்டாலும் தப்பு. பேக்கிங் வழியாகக் கொஞ்சம் காற்றுக் கசிந்தால்கூட நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்காமல் எஞ்சினில் கைவைத்தால், நஷ்டஈடு கேட்கும்போது தகராறு வரலாம்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றிய விஷயம் ஒன்று உண்டு. பையன்கள் அதைச் சொல்லமாட்டார்கள். பல பேருக்குத் தெரியவும் தெரியாது. பெட்ரோல் கார்களில் பிரேக்கை லேசாக அழுத்தினாலே வண்டி நிற்கிறதல்லவா? அந்தப் பலத்தில் பெரும் பங்கு இந்த மேனிஃபோல்டிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் மூச்சிழுக்கும்போது அதற்குள் ஏற்படும் வெற்றிடம், ஒரு ரப்பர்க் குழாய் வழியாகப் போய் பிரேக் பூஸ்டருக்கு உதவுகிறது. புது மேனிஃபோல்டில் அந்தக் குழாய்க்குச் சரியான வாய் இல்லாவிட்டாலோ, அது கசிந்தாலோ, பிரேக் கல்லாகிவிடும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனித் திராட்டில் வைத்த ரேஸிங் வகைகளில் வெற்றிடமே பலவீனம். எழுபது வளைவு இறங்கும்போது இதன் அர்த்தம் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி வைத்துப் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். இறங்காமல் அசையாது நின்றால், சாவியைப் பையனிடம் கொடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டு, அந்த ரப்பர்க் குழாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.