கத்துக்குட்டி என்று கேலி! கேட்க வெட்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து!

அமெரிக்காவில் 'கயாக்' என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டும் மோகம் 2020 கொரோனா காலத்தில் எகிறியது. கடைகளில் படகே தீர்ந்துபோகும் அளவுக்குக் கூட்டம்!

வந்தவர்களில் பலர் கத்துக்குட்டிகள். கையில் மலிவு பிளாஸ்டிக் படகு. பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகள் சிலருக்கு இளக்காரம். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துவிட்டால் போச்சு, ஒரே நக்கல்!

விளைவு என்ன?

அவமானப்பட்டவர் மறுபடி வாய் திறப்பதில்லை. ஒன்று, படகை மூலையில் போட்டுவிடுகிறார். இல்லையென்றால், யாரையும் கேட்காமல் தன்னந்தனியாகத் தண்ணீரில் இறங்குகிறார்.

அங்கு 2023-ல் எல்லா வகை உல்லாசப் படகு விபத்துகளிலும் மூழ்கி இறந்தவர்களில், விவரம் தெரிந்தவரை, 100-க்கு 87 பேர் லைப் ஜாக்கெட் போடாதவர்கள். கடலோரக் காவல் படையின் கணக்கு இது.

"ஜாக்கெட்டை மாட்டு, தனியாகப் போகாதே" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சிரிக்கிற நேரம்கூட ஆகாது!