மூத்திரத் தொற்றுக்கு உயரம் எதற்கு?

செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிவரும் அம்மாக்கள், "மூத்திரத்துலதானே கோளாறு, உயரம் எதுக்கு சிஸ்டர் அளக்கிறீங்க?" என்பார்கள்.

தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. பிள்ளைக்குத் தசை குறைவு. அளவும் குறைவாகவே இருக்க வேண்டும். 100 சென்டிமீட்டர் உயரத்தை 0.413ஆல் பெருக்கி அந்த 1ஆல் வகுத்தால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் 41தான். 90க்கு மேல் வேண்டும்! உயரம் தெரியாத ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன்.

முதல் படம் வலியில்லாத அல்ட்ராசவுண்ட். சிறுநீரகம் வீங்கியிருந்தால், குழாய்வழி மருந்து செலுத்தி, சிறுநீர் மேலே திரும்பி ஏறுகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். சிறுநீரகத்தில் நிலைத்த தழும்பைக் காட்டும் டிஎம்எஸ்ஏ ஸ்கேனுக்குத் தொற்று ஆறி 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். காய்ச்சல் நின்றதும் வராமல் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.