மாமனார் போட்டுக்கு மோட்டார்: எவ்வளவு பவர் வேணும், கடன் எவ்வளவு தாங்கும்?

போன வாரம் ஒரு சப்ஸ்கிரைபர் கேட்ட கேள்வி இது. சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம், வேலை சென்னையில, மாமனார் வீடு கிள்ளை. மாசி மகத்துக்கு பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளை போகும்போது இவரும் கூடவே போயிடுவாராம். இந்த வருஷம் போனப்போ, மாமனார் உப்பங்கழியில கழி ஊன்றி போட்டைத் தள்ளுறதைப் பார்த்து மனசு கேட்கலை. "ஆன்லைன்ல 30 பவுண்ட் ட்ரோலிங் மோட்டார் பார்த்தேன் அண்ணா, பர்சனல் லோன் போட்டு வாங்கிடவா?"

நல்ல மனசு. ஆனா அந்த மோட்டார் வேண்டாம்.

முதல்ல, ட்ரோலிங் மோட்டார்னா பேட்டரியில ஓடுற சின்ன மோட்டார். விசைப்படகு இழுவலை போடுற ட்ராலிங் வேற, குழப்பிக்காதீங்க. இதுக்கு ஹெச்.பி. கணக்கு கிடையாது. தண்ணியைத் தள்ளுற விசையை பவுண்ட்ல சொல்வாங்க. 55 பவுண்ட் மோட்டார் முழு வேகத்துல 12 வோல்ட்ல சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். அதாவது 600 வாட், ஒரு ஹெச்.பி.கூட இல்லை. கடலுக்குப் போற ஃபைபர் படகுக்கு இது ஆகவே ஆகாது. உப்பங்கழிக்கும் ஏரிக்கும் மட்டும்தான்.

பொதுவான கணக்கு, 50 கிலோ எடைக்கு குறைஞ்சது 1 கிலோ விசை. போட் 250 கிலோ, ரெண்டு பேர் 140, பேட்டரி 30, வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி, மீன் எல்லாம் சேர்த்து 80. மொத்தம் 500 கிலோ. அப்போ 10 கிலோ, அதாவது 22 பவுண்ட் போதும். "30 தாராளமாச்சே?"ன்னு தோணுதில்ல?

அது காத்து இல்லாத நாள்ல, அசையாத தண்ணியில. கிள்ளையில தண்ணி ஏறும், வத்தும். 55 பவுண்ட் மோட்டார்ல போட் மணிக்கு 5 கி.மீ. போகுதுன்னு வைங்க. தண்ணி எதிர்ல 3 கி.மீ. வேகத்துல இழுத்தா, நீங்க நகர்றது 2 கி.மீ. அதே இடத்துல 30 பவுண்ட் மோட்டார் 1 கி.மீ.கூட நகராது. வலை போட்டுட்டு வீடு திரும்புறப்போ மாமனார் மறுபடியும் கழிதான் ஊன்றணும். இருட்டிட்டா? அதனால ஓட்டம் உள்ள தண்ணிக்கு கணக்குல வர்ற விசைக்கு ரெண்டு மடங்குக்கு மேல வாங்குங்க. இவருக்கு 55. உப்புத் தண்ணிக்குன்னே செஞ்ச மாடலா இருக்கணும், நல்ல தண்ணி மாடல் சீக்கிரம் அரிச்சிடும்.

இப்போ பேட்டரி. பட்ஜெட்டை உடைக்கிறது இதுதான். 100 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரியில பாதிதான் பயன்படுத்தணும், இல்லைன்னா ஆயுள் போயிடும். பாதின்னா 55 பவுண்டுக்கு முழு வேகத்துல ஒரு மணி நேரம். மேல சொன்ன எதிர் ஓட்டத்துல 2 கி.மீ.தான் தாங்கும். தூரம் அதிகம்னா ரெண்டு பேட்டரி. ரெண்டாவது பேட்டரியோட 30 கிலோவையும் எடைக் கணக்குல சேர்த்துக்கோங்க.

லோன் விஷயத்துக்கு வருவோம். 60,000 ரூபாய், 14% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 2,880. வட்டி மட்டும் 9,100 ரூபாய்க்கு மேல. இந்த மாதிரி பேட்டரி 400 தடவை சார்ஜ் தாங்குதுன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 250 நாள் போனா 19 மாசத்துல முடிஞ்சிடும். பேட்டரி செத்த பிறகும் அஞ்சு மாசம் இஎம்ஐ கட்டுவீங்க, கூடவே புது பேட்டரிக்கும் காசு வேணும். லித்தியம் பேட்டரி 2,000 தடவைக்கு மேல தாங்கும், எடையும் பாதிக்குக் கீழ. ஆனா விலை கையைக் கடிக்கும்.

நான் அவருக்குச் சொன்னது: மோட்டாரை போனஸ்ல வாங்குங்க. பேட்டரியும் கைக்காசுலதான். 15,000 ரூபாய் பேட்டரின்னா மாசம் 800 ரூபாய் தனி ஆர்.டி.யில போட்டு வந்தா அடுத்த பேட்டரிக்கு லோன் வேண்டாம். வலை, ஐஸ் மாதிரி தொழில் செலவுக்கு மாமனார் பேர்லயே கிசான் கிரெடிட் கார்டு கேளுங்க. மீனவர்களுக்கும் அது உண்டு. 2 லட்சம் வரைக்கும் 7% வட்டி, ஒழுங்கா கட்டினா 4%. உங்க 14% எங்க, இது எங்க!

ஒரு விஷயம் மட்டும் அவர் இன்னும் செய்யலை. மாமனார்கிட்ட கேட்கவே இல்லை. எந்தப் பக்கம் வலை போடுறார், எவ்வளவு தூரம், தண்ணி எந்நேரம் இழுக்கும்னு அவருக்குத்தான் தெரியும். ஆர்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த போட்ல கூடப் போய்ட்டு வாங்க சார்.