அகநஞ்சும் காவற் கலங்களின் கொழுப்பும்

கொழுப்பு என்றதும் உடல் சேமித்துவைக்கும் உணவென்றே பலரும் கருதுவர். நோய்க்கிருமிகளோடு உடல் பொரும் போரிலோ அது படைக்கலமாகவும் அமைகின்றது; சிலவேளை பகைவனுக்கு உணவாகவும் போய்விடுகின்றது. இதனைப் பற்றீரியாவின் நஞ்சு நன்கு விளக்கும்.

1892ஆம் ஆண்டிலே ஜேர்மனிய அறிஞர் றிச்சாட் பைபர், வெப்பத்தாற் கொல்லப்பட்ட வாந்திபேதிக் கிருமிகளும் கினிப்பன்றிகளைக் கொல்லவல்லன எனக் கண்டார். கிருமி இறந்தும் நஞ்சு இறக்கவில்லை. கிருமியின் உடலோடு ஒன்றியிருந்தமையின் அஃது அகநஞ்சு எனப்பட்டது. பற்றீரியாவின் புறவுறையிலே வெல்லமும் கொழுப்பும் இணைந்தமைந்த பொருளே அதுவென்பது பின்னர்த் தெளிவாயிற்று. நச்சுத்தன்மை அதன் கொழுப்புப் பகுதியிலேயே உறைகின்றது. நெருப்புக்காய்ச்சற் கிருமியும் இந்நஞ்சை உடையதே.

உடலின் இழையங்களிலே கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெருந்தின்கலங்கள் உள. அவற்றின் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்னும் புரதம் ஒன்று அகநஞ்சை உணர்கின்றது. 1998இல் இதனை வெளிப்படுத்திய புரூஸ் பொயிற்லர் 2011இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

நஞ்சை உணர்ந்த கலம் தன் அனுசேபத்தையே மாற்றிக்கொள்கின்றது. அமைதிக் காலத்தில் இழைமணியினுள்ளே சத்திக்காகப் பயன்படும் சித்திரிக்கமிலம், இப்பொழுது வெளியே கொணரப்பட்டுக் கொழுப்பமிலங்களை ஆக்க உதவுகின்றது. கொழுப்பு நுண்டுளிகளாகத் திரள்கின்றது. அத்துளிகளில் உள்ள அரக்கிடோனிக்கமிலத்திலிருந்து புரொஸ்தகிளாந்தின் என்னும் பொருள் பிறக்கும். மூளையிலே காய்ச்சலை எழுப்புவது அதுவே. அசுப்பிரின் காய்ச்சலைத் தணிப்பதும் இவ்வாக்கத்தைத் தடுத்தேயாம். கிருமிகளைக் கொல்லும் புரதங்களும் இத்துளிகளிலே தங்கி நிற்றல் 2020இல் அறியப்பட்டது.

எனினும் எல்லாக் கிருமிகளும் இப்படைக்கு அஞ்சுவனவல்ல. கசநோய்க் கிருமி தான் புகுந்த கலத்தைக் கொழுப்பால் நிரப்பி நுரைபோலாக்கி, அக்கொழுப்பையும் கொலெசுத்திரோலையும் உண்டு நெடுங்காலம் வாழும். காவலன் வீடே கள்வனின் களஞ்சியமாகின்றது.

மற்றுமோர் இடருமுண்டு. கிருமிகள் குருதியிற் பெருகுமிடத்து, காவற் கலங்களின் எதிர்த்தாக்கம் எல்லை கடந்து, குருதியமுக்கம் வீழ்ந்து, உறுப்புக்கள் செயலிழக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிருமியைக் கொன்றாலும், சிதைந்த உடலினின்று வெளிப்படும் அகநஞ்சு எஞ்சியிருத்தல் கூடும். பைபர் கண்ட அவ்வுண்மையே இன்றும் மருத்துவர்க்கு அறைகூவலாய் நிற்கின்றது. ஆதலின் கிருமியைக் கொல்லுதல் மருத்துவத்தின் ஒரு பாதியே. காவற் கலங்களின் சினத்தை அளவில் நிறுத்துதல் மறுபாதியாகும்.