படத்துக்குக் கீழே ஓர் எண்

இந்தியாவைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்காக வெளியிடப்படும் படங்கள் நிறைந்த வழிகாட்டி நூல்களில் ஒன்றையாவது நீங்கள் புரட்டியிருப்பீர்கள். தார்ப் பாலைவனத்தின் மணல்மேடுகள், கேரளத்துக் காயல், காசியின் படித்துறைகள், லடாக்கின் மொட்டை மலைகள் என்று பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள் கண்ணைப் பறிக்கும். படத்துக்குக் கீழே, ஊரின் பெயரை அடுத்து, 'கிழக்குத் தீர்க்கரேகை 77° 35', உயரம் 3,500 மீ.' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிப்பவர் வெகு சிலர். நானும் படிக்காமல் விட்டவன்தான். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நூலின் தொடக்கத்தில் உள்ள தேசப்படத்தைப் பாருங்கள். வடக்கு தெற்காக நம் நாட்டின் நீளம் ஏறத்தாழ 3,200 கி.மீ. அதை 16 செ.மீ. உயரத்துக்குள் அடக்க வேண்டுமானால், ஒரு சென்டிமீட்டருக்கு 200 கி.மீ. என்று அளவுத்திட்டம் அமைய வேண்டும். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் 20 கி.மீ.க்குச் சமம். சாலையைக் காட்டும் சிவப்புக் கோடு அரை மி.மீ. தடிமன் இருந்தால், அந்தச் சாலையின் அகலம் 10 கி.மீ. என்று ஆகிவிடுகிறது! இத்தகைய படத்தில் மலைப்பாதையின் வளைவுகளை வரைய இடம் ஏது? இமாசலப் பிரதேசத்திலுள்ள மணாலிக்கும் லடாக்கிலுள்ள லே நகருக்கும் இடையே, படத்தில் ஒரு விரல் அகலம்கூட இராது. நேர்கோட்டில் ஏறத்தாழ 215 கி.மீ. ஆனால் சாலை வழியே 400 கி.மீ.க்கும் அதிகம். இடையில் 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களும் உண்டு.

தீர்க்கரேகை எதற்கு? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகின்றன. மேற்கே துவாரகை ஏறத்தாழ 69 பாகையிலும், கிழக்கே அருணாசலப் பிரதேசத்தின் டோங் கிராமம் ஏறத்தாழ 97 பாகையிலும் உள்ளன. வித்தியாசம் 28 பாகை, அதாவது 112 நிமிடங்கள். இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டினாலும், சூரியன் அப்படி நடந்துகொள்வதில்லை. இதனால்தான் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓடும் 'தோட்ட நேரம்' வழக்கத்துக்கு வந்தது.

இனி உயரத்துக்கு வருவோம். என் கருத்தில் அந்த நூலிலேயே மிக முக்கியமான எண் இதுதான்.

உயரே செல்லச் செல்லக் குளிரும் என்பது உங்களுக்குத் தெரியும். சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது. மதுரையைவிடக் கொடைக்கானல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். ஆகவே 13 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. குளிரை உடல் உடனே உணர்கிறது, நாமும் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். ஆனால் குறைந்துபோகும் மற்றொன்றை உடல் உடனே உணர்வதில்லை. அதுதான் காற்றழுத்தம்.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காற்று நிற்கிறது. மலைமீது ஏறும்போது, அந்தக் காற்றில் ஒரு பகுதியைக் கீழே விட்டுவிட்டு வருகிறோம். காற்று அமுங்கும் தன்மையுடையது. அதனால் அடிப்பகுதியில்தான் அது அடர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும், இருந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 11 சதவீதம் குறைவதாகக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 மீட்டரில் 89, 2,000 மீட்டரில் 79, லேயின் 3,500 மீட்டரில் 66 சதவீதம் என்று வரும். லேயில் நிற்பவரின் தலைக்கு மேலே உள்ள காற்று, கடற்கரையில் நிற்பவருக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். பெங்களூரில் நீர் 97 டிகிரியிலும், லேயில் 88 டிகிரியிலும் கொதிக்கிறது. பானையில் குமிழிகள் துள்ளினாலும் பருப்பு வேகாது. அங்குள்ள சமையலறைகளில் அழுத்தக் குக்கர் இல்லாமல் காரியம் நடப்பதில்லை.

"உயரத்தில் பிராணவாயு குறைவு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் கேட்டால் பலர், சமவெளிக் காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் மலைமேல் 14 சதவீதமாகிவிடும் என்கிறார்கள். அது தவறு. அங்கும் அதே 21 சதவீதம்தான். காற்று முழுவதுமே மெலிந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் குறைவு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அதில் ஆக்சிஜனின் பங்கு 160 மி.மீ. லேயில் மொத்தமே 500 மி.மீ. அளவுதான்; ஆக்சிஜனின் பங்கு 105 மி.மீ. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைச் செலுத்துவது இந்த அழுத்தம்தான்.

இதையெல்லாம் கரும்பலகையில் பல ஆண்டுகள் எழுதிய பிறகுதான் நான் லேவுக்குப் போனேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் தில்லியிலிருந்து விமானத்தில் சென்றோம். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் 3,300 மீட்டர் உயர்ந்துவிட்டோம். என் பையிலிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலம் பந்துபோல் உப்பியிருந்தது. "பாயில் விதி!" என்று காட்டிச் சிரித்தேனே தவிர, அது எனக்கும் ஒரு செய்தி சொல்கிறது என்று தோன்றவில்லை. அன்று மாலையே கணிதத் துறை நண்பர் ஒருவர் ஒன்பது மாடி உயரமுள்ள பழைய அரண்மனைக்கு விறுவிறுவென்று ஏறினார். இரவில் அவருக்குத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்து இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். 'முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுக்கவும்' என்று வழிகாட்டி நூலில் ஒரு வரி இருந்தது. அரண்மனையின் படத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில்!

உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளக்கூடியதுதான். சில மணி நேரத்திலேயே மூச்சு வேகமாகிறது. வாரக் கணக்கில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. அசட்டையாக இருந்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்நிலையில் தாமதமின்றிக் கீழே இறங்க வேண்டும். இளைஞர், பலசாலி என்பதெல்லாம் இதில் கணக்கில்லை.

மெலிந்த காற்றைப் படத்தில் பார்க்க முடியாதா? ஓரளவு முடியும். லடாக் படத்தில் வானத்தின் உச்சியைப் பாருங்கள், கருநீலமாக இருக்கும். ஒளியைச் சிதறடிக்க அங்கே காற்றும் தூசியும் குறைவு. (அச்சகத்தார் மையைத் தாராளமாகப் போட்டாலும் வானம் கருநீலமாகும், ஆகவே இதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.)

நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சென்றால், அங்கேயே ஒரு காலித் தண்ணீர்ப் புட்டியை இறுக மூடிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் புட்டியாக இருக்கட்டும். அடிவாரத்துக்கு வந்து எடுத்தால் யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். மூடியைத் திருகினால் 'புஸ்' என்று காற்று உள்ளே நுழையும். உள்ளே எவ்வளவு காற்று குறைந்திருந்தது என்று அளக்க, புட்டியைத் திறக்காமல் ஒரு வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி, அங்கே மூடியைத் திறங்கள். ஏறும் நீரின் அளவைக் குறித்துக்கொண்டு, வழிகாட்டி நூலில் உள்ள உயரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.