குடியை விட்ட மூன்றாம் நாள்... பேயா பிடித்தது?

திடீரென்று நிறுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

கார்த்திகை முதல் தேதி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் விடியற்காலையில் தலைக்குக் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, கோவிலில் மாலை போட்டுக்கொண்டார். 15 வருடமாக தினமும் குடித்தவர். "இனிமே தொடமாட்டேன். சாமி மேல சத்தியம்!" என்றார். மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கை உதறியது. டீ கிளாசைப் பிடிக்க முடியவில்லை. சட்டை தொப்பலாக நனைந்தது. இரவு முழுதும் தூக்கமில்லை.

மறுநாள் மாலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், கை கால் வெட்டி இழுக்க, கீழே விழுந்தார். பக்கத்து வீட்டார் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு, "சுவரெல்லாம் பூச்சி ஊருதுடி! வாசல்ல யாரோ கூப்பிடறாங்க!" என்று அலறினார். போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்கினார். மனைவியைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டார்.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்றார் ஒருவர். "சுத்தமில்லாத உடம்போட மாலை போட்டாரு. சாமி குத்தம்" என்றார் இன்னொருவர். "ஒரு குவார்ட்டர் ஊத்துங்க, சரியாயிடும்" என்றார் மூன்றாமவர்.

பேயும் இல்லை. சாமி குத்தமும் இல்லை. இது ஒரு வியாதி. இதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது.

மேலே சொன்ன ஆசாமி கற்பனைதான். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய சம்பவம் இது.

ஏன் இப்படி?

மது, மூளையை மந்தப்படுத்தும் சரக்கு. தினமும் உள்ளே போனால் மூளை சும்மா இருக்குமா? மந்தத்தைச் சமாளிக்க தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பிரேக்கில் ஒரு கால், ஆக்சிலேட்டரில் ஒரு கால் என்று வண்டி ஓட்டுவது போலத்தான். ஒரு நாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். காய்ச்சல், நெஞ்சுத் துடிப்பு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் சேர்ந்து வரும். இந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடு முழுதும் மதுக்கடைகள் மூடப்பட்டன. சென்னையில் ஆகஸ்டு 18-ந் தேதிதான் மறுபடி திறந்தன. அந்த நாட்களில் உதறல் தாங்காமல் ஷேவிங் லோஷன், வார்னிஷ் குடித்துச் சிலர் மாண்டார்கள். கடைக் கதவு சாத்தினாலும் உடம்பு கேட்பதை நிறுத்துவதில்லை.

யாருக்கு ஆபத்து?

எப்போதோ கல்யாண வீட்டில் குடித்தவருக்கு இந்த உதறல் வராது. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பே ஒரு தடவை வலிப்பு வந்தவர் ஆகியோர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும் ஒன்றுதான்.

டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் இருக்கின்றன. குடியைக் குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் குடியைப் பற்றி யாராவது பேசினால் கோபம் வருகிறதா? 'தப்புப் பண்றோமே' என்று மனசு உறுத்தியதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர ஒரு 'கட்டிங்' தேவைப்பட்டதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும்.

டாக்டரிடம் பொய் வேண்டாம்

டாக்டர் என்ன செய்வார்? பதற்றத்தை அடக்கும் மாத்திரையை முதலில் போதுமான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார். பெரும்பாலோருக்கு ஒரு வாரம் வாக்கில் உடம்பு தெளிந்துவிடும். இதே மாத்திரையை நாமே கடையில் வாங்கிப் போடலாமா? கூடவே கூடாது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம்.

சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய், "குளுகோஸ் பாட்டில் ஏத்துங்க சார்" என்பது வழக்கம். குடித்ததை மட்டும் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறோம். தொடர்ந்து குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுகோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் எத்தனை வருடம், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மூன்றையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு வந்தால் சாவி வேண்டாம். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

சாம்பாரில் பவுடர்

"குடிப்பவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்" என்று மின்சார ரயில் பெட்டியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். டைசல்பிரம் என்று ஒரு மருந்து உண்டு. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நெஞ்சுக் கோளாறு உள்ளவருக்கு ஆளையே முடித்துவிடும். நோயாளி சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து இது. சாம்பாரில் ரகசியமாகக் கலக்குவது விபரீதம். அவருக்கு விஷயம் தெரிந்தால், அப்புறம் அந்த வீட்டில் சோற்றையே நம்ப மாட்டார்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை

"முதலாளி, அவருக்குக் காய்ச்சல். இன்னிக்கு வரமாட்டாரு" என்று கடைக்குப் போன் செய்கிறீர்களா? நகையை வைத்து அவர் கடனை அடைக்கிறீர்களா? மானத்தைக் காப்பாற்றத்தான் செய்கிறீர்கள். ஆனால் குடியின் பலன் அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

போதையில் வரும்போது சண்டை வேண்டாம். அப்போது சொல்வது மண்டையில் ஏறாது. காலையில் தெளிவாக இருக்கும்போது, "இது வியாதிங்க. வாங்க, டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அவர் குடிக்க நீங்கள் காரணம் அல்ல. சமையல் சரியில்லை, வாய் ஜாஸ்தி என்பதெல்லாம் சாக்கு.

அதே சமயம், வியாதி என்பதால் அடி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. 2005-ம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

எங்கே போவது?

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி ஆகியவற்றின் மனநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் காட்டலாம். மனநல வார்டு என்றதும் மிரள வேண்டாம். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446.

அடையாறு பக்கம் இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரியின் கதையே ஒரு பாடம். குடிக்குக் கணவரை இளம் வயதில் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் ஆரம்பித்த நிறுவனம் அது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நோயாளியோடு குடும்பத்தையும் உட்கார வைத்து அங்கே ஆலோசனை சொல்கிறார்கள்.

உதறல் நின்றால் வியாதி போய்விட்டது என்று அர்த்தமல்ல. உடம்பு ஒரு வாரத்தில் தெளியும். மனசு தெளிய மாதங்கள் ஆகும். அதற்குத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது. சென்னையிலும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். குடியை விட்டவர்களே பேசுகிறார்கள். மறுபடி ஒரு நாள் வழுக்கினாலும், "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாமல் திரும்பப் போக வேண்டும்.

மாலை போடுங்கள். கயிறு கட்டிக்கொள்ளுங்கள். சத்தியமும் செய்யுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் கை நடுங்குகிறவர், கோவிலுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள். அந்த மூன்று நாளைத் தாண்டினால்தான் சத்தியத்தைக் காப்பாற்ற ஆள் இருப்பார்.